புது லாரி சர்வீஸில் முதல் வருடம்: எது டிரைவர் கணக்கு, எது ஓனர் கணக்கு?

நீங்கள் கேட்டது இது: ஈரோடு பக்கம் மூன்று வருடம் டிப்பர் ஓட்டியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் நாமக்கல்லில் ஒரு லாரி சர்வீஸில், 12 சக்கர நேஷனல் பெர்மிட் வண்டிக்கு டிரைவராகச் சேரப் போகிறீர்கள். மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், சரக்கு குறைந்தாலும் பிடிப்பார்கள் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். முதல் வருடத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உங்களுக்கு வண்டி ஓட்டுவதில் சந்தேகம் இல்லை. தன்னுடைய தப்பு இல்லாத செலவும் கேஸும் தன் தலையில் வந்து விழுமோ என்பதுதான் உண்மையான கேள்வி. விழும். ஆனால் லைனில், அதாவது வெளியூர் நீண்ட ஓட்டத்தில், புதிதாகச் சேரும் டிரைவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் ரோட்டில் ஓடும்போது இல்லை. வண்டி கை மாறும்போது, சரக்கு கை மாறும்போது, டீசலும் கணக்கும் கை மாறும்போதுதான். அந்த இடங்களில் பத்து நிமிடம் நின்று எழுதி வாங்கினால் முக்கால்வாசிப் பிரச்சினை முளைக்கவே முளைக்காது.

முதல் நாளிலிருந்து தொடங்குகிறேன். சாவியை வாங்கும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஓடும் 12 டயர், ஒரு ஸ்டெப்னி, எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நம்பர் இருக்கும், பல ஓனர்கள் தனியாக ஒரு நம்பரைச் சூடுபோட்டும் வைத்திருப்பார்கள். டயர் மாறிப்போனது என்ற குற்றச்சாட்டுக்கு நம்பரைத் தவிர வேறு பதிலே கிடையாது. இரண்டு பேட்டரியின் நம்பர், ஜாக்கி, வீல் ஸ்பானர், தார்ப்பாய் எத்தனை, அதில் எத்தனை கிழிசல், கயிறு எத்தனை, தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம், டீசல் டேங்க் அளவு, கிலோமீட்டர் மீட்டர் காட்டும் எண், இவை அனைத்தையும் எழுதி, போட்டோ எடுத்து, அன்றைக்கே ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்து கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். தேதி, நேரத்தோடு வாட்ஸ்அப்பில் கிடக்கும் போட்டோவை யாரும் மறுக்க முடியாது. ஆர்.சி. (பதிவுச் சான்று), எப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ஆகியவை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டும் ஆவணங்களையே போலீஸ் ஏற்க வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. அதனால் உங்கள் ஒரிஜினல் லைசென்ஸை ‘ஆபீஸில் இருக்கட்டும்’ என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். லைசென்ஸை வாங்கி வைப்பது உங்களை வேலையை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைக்கும் வழி. அதற்கு வேறு காரணமே கிடையாது.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரே ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர், கிளீனர் மீதான சட்டப் பொறுப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று. ஓனர் தானே வண்டி ஓட்டினால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உங்களுக்குச் சேராது, அதைக் காட்டி ‘எல்லாம் இருக்குப்பா’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கூடவே, அமைப்புசாரா ஓட்டுநர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் நல வாரியத்தில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள். இதை ஓனர் செய்து தருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது சரக்கு. ஏற்றும் இடத்தில் மூன்று காகிதம் கையில் இருக்க வேண்டும்: இன்வாய்ஸ், இ-வே பில் (சரக்கைக் கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு), லாரி ரசீது (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு லாரி ஆபீஸ் தரும் சீட்டு). வடக்கே லாரி ரசீதைப் பில்டி என்பார்கள். இ-வே பில்லில் வண்டி எண் உங்கள் வண்டியுடையதுதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் சோதனையில் வண்டி நின்றுவிடும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இ-வே பில் செல்லும். இந்தக் கணக்கு 2021 ஜனவரியில் வந்தது, அதற்கு முன் 100 கிலோமீட்டர். சேலத்திலிருந்து டெல்லி 2,400 கிலோமீட்டர் என்று வைத்தால் 12 நாள். நடுவில் வண்டி படுத்துவிட்டால், பில் முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்தபின் 8 மணி நேரம், இந்த இடைவெளிக்குள் ஆபீஸ் அதை நீட்டிக்க வேண்டும். முடியும் நேரத்தைக் கேபினில் கண்ணில் படும்படி ஒட்டி வைத்து, முந்தின நாளே ஆபீஸுக்கு நினைவூட்டுங்கள். வரியும் அபராதமும் சரக்குக்காரர், ஓனர் பாடுதான். ஆனால் வண்டியோடு நாள்கணக்கில் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள்.

எடை விஷயத்தில் டிப்பர் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 2018 ஜூலையில் ஆக்சில் (சக்கர அச்சு) எடை வரம்பை மத்திய அரசு உயர்த்தியது. அதற்குப் பின் வந்த 12 சக்கர வண்டிகள் பெரும்பாலும் 35 டன் மொத்த எடைக்குப் பதிவானவை. அதற்கு முந்தைய வண்டியின் ஆர்.சி.யில் 31 டன் என்றே இருக்கலாம். லோடு ஏற்றுகிறவர் எல்லா 12 சக்கர வண்டியும் ஒன்று என்றுதான் நினைப்பார், ஆர்.சி.யைப் பார்க்க வேண்டியது நீங்கள். வண்டியின் வெறும் எடை 10.5 டன், பதிவு எடை 35 டன் என்றால் சரக்கு 24.5 டன்தான். தார்ப்பாய், கயிறு, டேங்க் நிறைய டீசல் எல்லாம் எடைமேடையில் ஏறும் என்பதால் அரை டன் குறைவாக நிறுத்துவது நல்லது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு அதிகச் சரக்கை இறக்கும் செலவு. 3 டன் கூட ஏற்றினால் 26,000 ரூபாய். ஓட்டியவர், ஓட்ட வைத்தவர் இருவரையும் சட்டம் பிடிக்கும். ‘நீ போ, நாங்க பாத்துக்கறோம்’ என்று ஆபீஸ் சொன்னால், அதை வாட்ஸ்அப்பில் எழுதிச் சொல்லச் சொல்லுங்கள். எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, அப்படிக் கேட்டதுமே பல நேரம் எடை குறைந்துவிடும்.

மொத்த எடை சரியாக இருந்து, சரக்கு முழுவதும் பின்னால் குவிந்திருந்தாலும் ஆபத்துதான். முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் லேசாகி, ஈர ரோட்டில் பிடி தளரும். லிஃப்ட் ஆக்சில் (தேவையில்லாதபோது சக்கரத்தோடு தூக்கி வைக்கும் அச்சு) உள்ள வண்டியென்றால், டயர் தேயக்கூடாது என்று லோடோடு அதைத் தூக்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. மீதி ஆக்சில்கள் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கி, பேரிங்கும் ஸ்பிரிங் பட்டையும் போகும். மிச்சமாகும் டயர் ரப்பரைவிட அந்தச் செலவு பல மடங்கு.

சரக்குக் குறைவுக்கு, அதாவது ஷார்ட்டேஜுக்கு, வருகிறேன். மூட்டையை எண்ணி ஏற்றினீர்களா, எண்ண விடவில்லையா என்பதை லாரி ரசீதில் எழுதுங்கள். எண்ண விடாவிட்டால் ‘எண்ணிப் பார்க்கவில்லை’ என்ற இரண்டு சொல் போதும். கிழிந்த மூட்டை, நனைந்த மூட்டை இருந்தால் எண்ணிக்கையோடு குறிப்பு. சீல் வைத்த சரக்கென்றால் சீல் நம்பரைப் போட்டோ எடுங்கள். இறக்கிய பின் சரக்கை வாங்கும் பார்ட்டியின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள ரசீது நகல் கையில் வராமல் வண்டியை எடுக்காதீர்கள். சரக்குக்குச் சரக்கு குணமும் மாறும். சேலத்து ஜவ்வரிசி ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கட்டிப்போகும், தார்ப்பாயை இரட்டையாகப் போட்டு, மடிப்பு காற்றுக்கு எதிராகத் திறக்காதபடி முன்னிருந்து பின்னாகக் கட்ட வேண்டும். நாசிக்கிலிருந்து திரும்பும் லோடாக வெங்காயம் ஏற்றினால் அப்படியே தலைகீழ். அது மூச்சு விடும் சரக்கு, தார்ப்பாயால் முழுதாக மூடினால் சூடேறி அழுகும். மழை இல்லாத நேரத்தில் பக்கவாட்டைத் திறந்துவிட வேண்டும். போகும் வழியில் வெங்காயம் காய்ந்து எடை குறைவது இயல்பு. அந்தக் குறைவை எந்த அளவு வரை ஒப்புக்கொள்வார்கள் என்று ஏற்றும்போதே ஆபீஸிடம் கேட்டுவிடுங்கள், இறக்கும் மண்டியில் நின்று வாதாடிப் பயனில்லை.

இப்போது நீங்கள் அதிகம் பயப்படும் மைலேஜ். இங்கே உறுதியானது எது, உத்தேசம் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 12 சக்கர வண்டி முழு லோடில் லிட்டருக்கு 3.5 முதல் 4.5 கிலோமீட்டர் வரை கொடுக்கும் என்பது உத்தேசம்தான். வண்டியின் வயது, டயர், ரோட்டின் மேடு, எதிர்க்காற்று எல்லாம் அதை மாற்றும். அளக்கும் முறை மட்டும் உத்தேசமாக இருக்கக் கூடாது. புறப்படும்போது டேங்க் வாய் வரை நிரப்பி மீட்டர் எண், திரும்பி வந்ததும் அதேபோல நிரப்பி மீட்டர் எண். இதைத் தவிர மற்ற எல்லாக் கணக்கும் தகராறில்தான் முடியும். சேலத்திலிருந்து புனே 1,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 4 என்றால் 250 லிட்டர். 3.7 கொடுத்தால் 270 லிட்டர். ஒரு வழிக்கே 20 லிட்டர் வித்தியாசம், மாதம் நாலு நடைக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதனால் சேரும்போது ஒரே மைலேஜ் எண்ணுக்குத் தலையாட்டாதீர்கள். லோடுக்கு ஒன்று, காலி வண்டிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பேசுங்கள். முதல் மூன்று நடையை அளந்து பார்த்து அதையே அடிப்படையாக வைக்கலாம் என்று கேளுங்கள். நியாயமான ஓனர் இதற்கு ஒப்புக்கொள்வார்.

மைலேஜ் திடீரென்று இறங்கினால் உங்கள் காலை மட்டும் சந்தேகிக்க வேண்டாம். காற்று குறைந்த டயர், ஒட்டிப் பிடிக்கும் பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர், சக்கர அலைன்மென்ட், கசியும் டீசல் லைன் என்று காரணம் பல. ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு பிரேக் டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை என்று பொருள். கேபின் குளிர்ச்சிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரை போகும், 6 மணி நேரத்தில் அது பெரிய கணக்கு. புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்பதால், நிற்கும்போது ஏ.சி. போடுவதற்கான டீசல் யாருடையது என்பதையும் இப்போது பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 (புகை வரம்பு விதி) வண்டியில், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவத்தையும் கணக்கில் சேருங்கள், டீசலில் ஏறத்தாழ நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு ஆகும். அதில் தண்ணீரோ கண்ட கேன் சரக்கோ ஊற்றினால் கொஞ்ச தூரத்தில் இன்ஜின் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், சென்சாரும் போகும். அந்தப் பழுது நேராக உங்கள் தலையில்தான் எழுதப்படும்.

மைலேஜுக்காக நியூட்ரலில் இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர்க் கணவாய், புனேயில் நவலே பாலத்துக்கு முன் வரும் நீண்ட சரிவு, இரண்டிலும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகளை அடித்து நொறுக்கியது மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. ‘நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்’ என்று சீனியர்கள் உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். பழைய பம்ப் இன்ஜின் காலத்து நம்பிக்கை அது. இப்போதுள்ள மின்னணு இன்ஜினில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செலுத்துவது முழுதாக நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர் மிச்சம் பிடிக்கவில்லை, கூடுதலாகச் செலவழிக்கிறார். அதோடு இன்ஜின் பிடிப்பு இல்லாததால் 35 டன்னையும் பிரேக் லைனர் மட்டுமே தாங்க வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் டிரம் பழுத்து, மிதித்தாலும் பிடிக்காது. அடிக்கடி மிதிப்பதால் பிரேக்குக்கான காற்று டேங்கில் காற்றும் இறங்கும், ஐடிலில் ஓடும் கம்ப்ரெசரால் அதை உடனே ஈடுகட்ட முடியாது. இன்ஜினையே அணைத்துவிட்டால் பவர் ஸ்டியரிங்கும் கையை விட்டுப் போகும். சரிவு தொடங்கும் முன்பே, அந்த மேட்டை ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியருக்கு வந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறுவதை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போடுங்கள். கால் பிரேக்கை ஓயாமல் தேய்க்காமல், வேகம் கூடும்போது உறுதியாக ஒரு முறை மிதித்து, குறைந்ததும் விடுங்கள். பாதிச் சரிவில் கியர் குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ள நேரிடும்.

தினசரிச் சோதனையை நீட்ட வேண்டாம், உங்களுக்கே பழக்கமானது. லைனுக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிரேக் காற்று 8 பார் வரை ஏறியதும் இன்ஜினை அணைத்து மீட்டர் முள்ளைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு இறங்கினால் கசிவு இருக்கிறது. இரட்டை டயரில் உள்ளே இருக்கும் டயரைக் கம்பியால் தட்டுங்கள், பஞ்சர் என்றால் சத்தம் மந்தமாகும். வீல் நட்டைச் சுற்றித் துரு நிறக் கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. சக்கரம் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறை மறுபடி இறுக்க வேண்டும், பஞ்சர் கடைக்காரர் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும் சரி.

பணக் கணக்குக்கு வருவோம். படி, நடைக் கூலி, வாடகையில் சதவீதம், மாதச் சம்பளம் என்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்திலேயே சர்வீஸுக்குச் சர்வீஸ் முறை மாறும். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சதவீதம் என்றால் மொத்த வாடகையிலா, செலவு போகவா என்று கேளுங்கள். ஹால்டிங் (லோடுக்காகவோ இறக்கவோ காத்து நிற்கும்) நாட்களுக்குப் படி உண்டா, பில் இல்லாத வழிச்செலவுக்கு நடைக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டா என்பதும் முக்கியம். ஒவ்வொரு நடை முடிந்து இரண்டு மூன்று நாளில் கணக்கை முடித்து, நடைச் சீட்டை போட்டோ எடுங்கள். ஐந்து நடையைச் சேர்த்து முடிக்கலாம் என்றால் உங்கள் நினைவும் ஆபீஸ் நோட்டும் ஒத்துப்போகாது. சேரும்போது தரும் முன்பணத்தை ஒரு மாத வருமானத்துக்கு மேல் வாங்காதீர்கள். பெரிய முன்பணம் வாங்கியவர் அநியாயமான பிடித்தத்தையும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டி வரும்.

பிடித்தம் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது: ஒப்படைத்த பொருள் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாகக் கெட்டாலோ குறைந்தாலோதான் ஊதியத்தில் பிடிக்கலாம், அதுவும் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்த பிறகு. இது 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்திலேயே வந்த விதி. நடைமுறையில் அந்த விதி லாரி ஆபீஸ் மேஜை வரை தானாக வருவதில்லை. நடைச் சீட்டும், குறிப்பு எழுதிய லாரி ரசீதும், டேங்க் நிரப்பிய பில்லும் உங்களிடம் இருந்தால்தான் தொழிற்சங்கமோ தொழிலாளர் துறையோ உங்களுக்காகப் பேச முடியும். அப்போதும் பணம் திரும்ப வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலும் பேசித்தான் தீர்கிறது, காகிதம் உள்ளவர் பக்கம் பேச்சு சாய்கிறது.

வேலை நேரமும் அப்படித்தான். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, 5 மணி நேரத்துக்கு ஒரு முறை குறைந்தது அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. லைனில் அது அப்படியே நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்சம் ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்: இரவு 2 மணி முதல் 5 மணி வரை வண்டி நிற்கட்டும். கிளீனர் கிடைக்காமல் தனியாக ஓட்டும் காலம் இது, கண் சொருகும்போது தட்டி எழுப்பப் பக்கத்தில் ஆள் இல்லை. நிற்பதும் ரோட்டோரத்தில் வேண்டாம். பங்க், தாபா, லாரி நிறுத்துமிடம் எதிலாவது உள்ளே போய் நிறுத்துங்கள்.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதைச் சேரும் முன்பே மனதில் பதிய வையுங்கள். அடிபட்டவருக்கு 108 அழைப்பது, 112-க்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ சொல்வது, பிறகு ஆபீஸுக்கும் அவர்கள் மூலம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்வது. இதே வரிசையில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு டிரைவருக்கு இந்தக் கடமையை விதிக்கிறது. கூட்டம் அடிக்க வந்தால் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் கடமைக்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது. அப்படி விலக வேண்டி வந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள், ஊருக்கு அல்ல. 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் எதிர்த்துப் போராடிய பிரிவு, விபத்தில் மரணம் நடந்து சொல்லாமல் ஓடிப்போனால் 10 வருடம் வரை தண்டனை தரும் பிரிவு, அதாவது புதிய தண்டனைச் சட்டத்தின் 106(2), மற்ற சட்டம் 2024 ஜூலை 1-ல் வந்தபோது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 106(1) நடைமுறையில் இருக்கிறது, கவனக்குறைவால் மரணம் என்றால் 5 வருடம் வரை. கேஸ் எப்படிப் போகும் என்பதை வக்கீல்தான் பார்க்க வேண்டும், இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காதீர்கள். எழுதாத வெள்ளைத் தாளில் மட்டும், யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிற்பாடு எரிவாயு டேங்கருக்கு மாறும் எண்ணம் இருந்தால், ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியை முடித்து லைசென்ஸில் அந்தப் பதிவை இந்த வருடத்திலேயே வாங்கிவிடுங்கள். சம்பளம் பேசும்போது கைகொடுக்கும்.

வருடம் முடிந்து வேறு சர்வீஸுக்குப் போவதாக இருந்தால், முதல் நாள் எழுதிய அதே பட்டியலை வைத்து வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்: டயர் நம்பர், பேட்டரி நம்பர், தார்ப்பாய், டீசல், மீட்டர். கேமரா அபராதங்கள் பல வாரம் கழித்தும் ஓனர் பெயருக்கு வரும். அதனால் நீங்கள் வண்டியை எடுத்த நாளும் விட்ட நாளும் நேரத்தோடு உங்களிடம் இருக்கட்டும். விடும் அன்றைக்கே வண்டி எண்ணைப் போட்டு இ-சலான் தளத்தில் நிலுவையைப் பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஆபீஸுக்கு அனுப்பிய பின் சாவியைக் கொடுங்கள்.